தேடல் வேறு, உறவு வேறு

"கன்ட்ரோல் பி அடிச்சு நாலு எழுத்து தட்டினா ஃபைல் வந்து நிக்குதுண்ணா. இதுக்குப் போய் தனியா ஒரு கமாண்ட் வேணுமா?"

பக்கத்து இருக்கைத் தம்பி சென்ற மாதம் கேட்ட கேள்வி இது. அவன் ஒருவனுடைய கருத்தாக இருந்தால் அங்கேயே பதில் சொல்லி முடித்திருப்பேன். புரோகிராம் எழுதிப் பிழைக்கும் பெரும்பாலோர் இன்று இப்படித்தான் நினைக்கிறார்கள். எடிட்டரில் ஒரு கோப்பிலிருந்து அதற்கு இணையான கோப்புக்கு நேரே தாவுவது, அதிலும் வேறொரு புராஜெக்ட்டில் இருக்கும் இணைக்குத் தாவுவது, வேலை வெட்டி இல்லாதவர்களின் சொகுசு என்கிறார்கள். பெயரைத் தட்டித் தேடும் வசதி எல்லா எடிட்டரிலும் வந்துவிட்ட பிறகு அது எதற்கு என்கிறார்கள். இந்த எண்ணம் தவறு. இதனால் சில நொடிகள்தான் வீணாகும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் இது பிழைக்கு வாசல் திறந்துவிடுகிறது. நான் அதைப் பட்டு அறிந்தவன்.

எங்கள் ஊரில் போய் 'முருகன் வீடு எது' என்று கேட்டால் யாரும் கையைக் காட்ட மாட்டார்கள். எந்த முருகன், யார் மகன், மேலத்தெருவா கீழத்தெருவா என்று திருப்பிக் கேட்பார்கள். நம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து நிற்பதும் அதற்குத்தான். பெயர் மட்டும் ஆளைக் காட்டிவிடாது. கோப்புக்கும் அப்படியே.

ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி என்ற மூன்று இயங்குதளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் பூர்விகம் ஒன்று: பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ். முதல் இரண்டும் 1993இல் தனித்தனியாகக் கிளம்பின. 1995இல் தியோ டி ராட் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரித்தெடுத்தது ஓப்பன்பிஎஸ்டி. பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன பங்காளிகள் இவர்கள். பிரிந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் வீட்டு அமைப்பு மாறவில்லை. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையின் மூலநிரல் மூன்றிலும் 'பின்' ஃபோல்டருக்குள் 'எல்எஸ்' ஃபோல்டரில்தான் இருக்கிறது. உள்ளே எல்எஸ்.சி, பிரின்ட்.சி, யுடில்.சி, சிஎம்பி.சி. மூன்று வீட்டிலும் இதே பெயர்கள். பக்கத்து ஃபோல்டரில் இருக்கும் 'பிஎஸ்' கட்டளைக்கும் ஒரு பிரின்ட்.சி உண்டு, அதுவும் மூன்றிலும். மூன்றின் மூலநிரல் மரங்களையும் ஒரே எடிட்டரில் திறந்து வைத்து 'பிரின்ட்.சி' என்று தட்டினால் இந்த இரண்டு கட்டளைகளுக்கே ஆறு கோப்புகள் வந்து நிற்கும். மரத்தின் மற்ற மூலைகளிலிருந்து வருவது தனி.

ஓப்பன்பிஎஸ்டியில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது, அது ஃப்ரீபிஎஸ்டிக்கும் வேண்டுமா என்று பார்க்கிறார் ஒருவர். அவருக்கு வேண்டியது ஆறில் ஒன்று. எது என்று அவருக்குத் தெரியும். எடிட்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் நின்றுகொண்டிருக்கும் கோப்பின் முழுப் பாதையும் அதன் கையில் இருக்கிறது. அந்தப் பாதையில் மரத்தின் பெயரை மட்டும் மாற்றினால் இணைக் கோப்பின் முகவரி வந்துவிடும். கையில் இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டிய கருவி, 'பெயரைத் தட்டு, பட்டியல் தருகிறேன், நீயே பொறுக்கிக்கொள்' என்கிறது. தேடுவது இருக்குமிடம் தெரியாத பொருளை. இருக்குமிடம் தெரிந்த பொருளைத் தேடச் சொல்லி மனிதனை வேலை வாங்குவதை வசதி என்று எப்படி ஏற்பது?

ஆண்ட்ராய்ட் செயலிக்குத் தமிழ் சேர்த்தவர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். திரையில் வரும் சொற்களெல்லாம் 'வேல்யூஸ்' ஃபோல்டரில் ஸ்ட்ரிங்ஸ்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் இருக்கும். தமிழுக்கு 'வேல்யூஸ்-டிஏ', இந்திக்கு 'வேல்யூஸ்-ஹெச்ஐ' என்று ஃபோல்டர்தான் மாறும். கோப்பின் பெயர் எல்லா மொழிக்கும் ஒன்றே. இருபது மொழியில் பெயர்த்த செயலியில் ஒரே பெயரில் இருபத்தொரு கோப்புகள். வலைத் தொழில்நுட்பங்களை விளக்கும் எம்டிஎன் ஆவணங்களில் நிலைமை இன்னும் முற்றியது. ஆங்கில மூலம் ஒரு கிட் களஞ்சியத்தில் இருக்கிறது, மொழிபெயர்ப்புகள் வேறொரு களஞ்சியத்தில். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு ஃபோல்டரிலும் கோப்பின் பெயர் இன்டெக்ஸ்.எம்டி. ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே பெயர். இரண்டு களஞ்சியங்களிலும் பாதை ஒன்றுபோல ஓடுகிறது, மொழியைக் குறிக்கும் ஒரு துண்டு மட்டும் வேறு. ஜப்பானியப் பக்கத்தைத் திருத்துகிறவர் நிமிடத்துக்கு ஒருமுறை ஆங்கில மூலத்தைப் பார்த்தாக வேண்டும். அவரிடம் போய் 'பெயரைத் தட்டித் தேடிக்கொள்ளுங்கள்' என்று சொல்ல முடியுமா?

'பெயரோடு பாதையின் துண்டையும் சேர்த்துத் தட்டலாமே' என்பார்கள். தட்டலாம். அந்தத் துண்டு இரண்டு மரத்திலும் இருக்கும் துண்டாக இருக்கக் கூடாது, அது எது என்று யோசிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். கண்ணும் கவனமும் திருத்தும் வரியில் இருக்க வேண்டிய நேரத்தில் பாதையை மனத்தில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே பில்லிங் மென்பொருளின் இரண்டு பதிப்புகளைப் பராமரித்தோம். பழையது ஒரு பழைய வாடிக்கையாளருக்கு, புதியது மற்ற எல்லோருக்கும். இரண்டும் என் கணினியில் அடுத்தடுத்த ஃபோல்டர்களில் இருந்தன, ஒரே ஜன்னலில் திறந்து வைத்திருந்தேன். வரித்தொகையை முழு ரூபாயாக்கும் இடத்தில் ஒரு பிழை. ஒவ்வொரு வரித்தொகையையும் முதலில் தனித்தனியே முழுமையாக்கிப் பிறகு கூட்டியிருந்தார்கள். கூட்டிய பிறகுதான் முழுமையாக்க வேண்டும். நிரலில் ஆறே வரித் திருத்தம், இரண்டு பதிப்புக்கும் தேவை. மாலையில் புதியதில் திருத்தி முடித்தேன். அதற்குள் வீட்டிலிருந்து அழைப்பு வந்ததால் மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை கன்ட்ரோல் பி. பெயரின் முதல் ஐந்து எழுத்து. பட்டியலில் இரண்டு பெயர்கள் வந்தன, இரண்டும் ஒன்றே. பெயருக்குப் பக்கத்தில் மங்கிய சிறிய எழுத்தில் பாதை. ஃபோல்டர்கள் ஆழமாக இருந்ததால் பாதை வெட்டுப்பட்டு மூன்று புள்ளியோடு நின்றது. எந்தப் பதிப்பு என்று சொல்லும் துண்டு அந்த மூன்று புள்ளிக்குள் போய்விட்டது. கடைசியாகத் திறந்த கோப்பை எடிட்டர் முதலில் காட்டும். கடைசியாகத் திறந்தது புதிய பதிப்பின் கோப்பு. என்டர் தட்டினேன். திறந்தது. வரிக்கணக்கு இருக்கும் இடத்துக்குப் போனேன். திருத்தம் ஏற்கெனவே அங்கே இருந்தது.

நேற்றே பழையதிலும் செய்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறோம் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எல்லா நியாயமும் என் கண் முன்னால் இருந்தது. ஆறு வரியும் நான் எழுதியபடியே இருந்தன. கோப்பை மூடினேன், வேலை முடிந்தது என்று குறித்தேன். மூன்று வாரம் கழித்து அந்தப் பழைய வாடிக்கையாளர் அந்த மூன்று வாரத்து பில்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். ஒவ்வொரு பில்லிலும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் வித்தியாசம். சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். பெரியவர், குரல் உயர்த்தாமல் பேசினார். "தம்பி, சரி பண்ணியாச்சுன்னு நீங்க சொன்னதை நம்பித்தானே என் கஸ்டமருக்கு பில் கொடுத்தேன்" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கவனக்குறைவு என்று சொல்லி என்னைத் திட்டலாம், திட்டினார்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். புதிய பதிப்பின் கோப்பில் நின்றுகொண்டு 'இதன் பங்காளிக்குப் போ' என்று ஒரு விசை அழுத்தியிருந்தால் புதிய பதிப்பே திரும்ப வர வழியில்லை. பழையதுதான் வந்திருக்கும், அதில் திருத்தம் இல்லை என்பது கண்ணில் பட்டிருக்கும். தேடலில் மனிதன் தேர்ந்தெடுக்கிறான், ஆகவே தவறாகவும் தேர்ந்தெடுப்பான். உறவைச் சொல்லித் தாவும்போது தேர்ந்தெடுக்கும் வேலையே பெரும்பாலும் கிடையாது. 'சில நொடி மிச்சம் பண்ணி என்ன ஆகப்போகிறது' என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நொடிக்கணக்கை நான் பேசவே இல்லை. சரியான கோப்பில் நிற்கிறோமா என்ற கேள்வியைப் பேசுகிறேன்.

இன்னொன்றையும் இவர்கள் பார்ப்பதில்லை. ஒரே புராஜெக்ட்டுக்குள் இணைக்குத் தாவுவதை எவரும் சொகுசு என்று சொல்வதில்லை. சி++ எழுதுகிறவர் தலைப்புக் கோப்புக்கும் மூலக் கோப்புக்கும் இடையே க்யூட்டி கிரியேட்டரில் எஃப்4 அழுத்தித் தாவுகிறார், விஎஸ் கோடில் ஆல்ட்-ஓ. எக்ஸ்கோடில் கன்ட்ரோல், கமாண்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு மேல் அம்பு. இன்டெல்லிஜேயில் ஜாவா எழுதுகிறவர் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-டி அழுத்தி நிரலிலிருந்து அதன் சோதனைக்குப் போகிறார். ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோ ஒருபடி மேலே போய், எல்லா மொழிச் சொற்களையும் பக்கம்பக்கமாக அட்டவணையில் காட்டும் தனி மொழிபெயர்ப்பு எடிட்டரையே வைத்திருக்கிறது. பெயர்த் தேடல் போதும் என்றால் இத்தனை நிறுவனங்கள் இதற்கு விசை ஒதுக்கியது ஏன்? இணைக் கோப்பு என்ற உறவு வேலையின் இயல்பிலேயே இருப்பதால்தான். ஒரு வீட்டுக்குள் அந்த உறவு உண்டு, வீட்டு வாசலைத் தாண்டினால் கிடையாது என்று எந்த நியாயத்தில் சொல்வது? எல்லைக் கோட்டைப் போட்டது கருவி செய்தவர்களின் வசதி. வேலை அந்தக் கோட்டில் நிற்பதில்லை.

எல்லையைத் தாண்டும் வழியும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 2023 ஜூலையில் வந்த ஈமேக்ஸ் 29இல் 'ஃபைண்ட்-சிப்ளிங்-ஃபைல்' என்ற கட்டளை சேர்ந்தது. உடன்பிறந்த கோப்பைக் கண்டுபிடி என்று பொருள். அதற்கு நாம் ஒரு விதி எழுதித் தர வேண்டும். பாதையில் எந்தத் துண்டு மாறலாம், எந்தத் துண்டு அப்படியே நிற்க வேண்டும் என்று சொல்லும் ஒரே வரி. அதன் விளக்கக் குறிப்பு காட்டும் உதாரணங்களில் ஒன்று ஈமேக்ஸின் மூலநிரலே: 27ஆம் பதிப்பின் மரத்தில் ஒரு கோப்பில் நின்றுகொண்டு 28ஆம் பதிப்பின் மரத்தில் அதே கோப்புக்குப் போவது. ஈமேக்ஸை உருவாக்குகிறவர்களே பல பதிப்பு மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உழைப்பவர்கள். தங்கள் கைவலிக்கு அவர்கள் செய்த மருந்து அது. விம் பக்கத்தில், ஒரு புராஜெக்ட்டுக்குள் இதே விதி முறையில் இயங்கும் புராஜெக்ஷனிஸ்ட் இருக்கிறது, டிம் போப் எழுதியது. மேவன் முறையில் அடுக்கிய ஜாவா புராஜெக்ட்டில் 'மெயின்' கிளையில் இருக்கும் கோப்புக்கு 'டெஸ்ட்' கிளையில் யார் இணை என்பதை ஒரு சின்ன ஜேசன் கோப்பில் எழுதி வைத்தால் போதும். மாறும் பகுதிக்கு நட்சத்திரக் குறி, அது போய் உட்கார வேண்டிய இடத்தில் வளைந்த அடைப்பு. அவ்வளவே.

அந்தச் சின்னக் கோப்பின் மதிப்பை நான் பெரிதாக நினைக்கிறேன். எந்தக் கோப்புக்கு எது இணை என்ற அறிவு பெரும்பாலான அலுவலகங்களில் மூத்தவர்களின் தலையில் மட்டும் இருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது, கேட்கக் கூச்சப்பட்டால் தெரியாமலே போகிறது. விதியாக எழுதிவிட்டால் அது களஞ்சியத்தில் நிரலோடு நிரலாக இருக்கும், எவரும் படிக்கலாம், தவறென்றால் திருத்தலாம். பெயர்த் தேடலில் எத்தனை வருடம் பழகினாலும் இப்படி ஒரு வரி அறிவுகூட அடுத்தவருக்கு மிஞ்சாது.

'இரண்டு மரம் எதற்கு? கிட்டில் பிரான்ச் மாற்றிக்கொள்ளலாமே' என்பார்கள். பிரான்ச் மாற்றினால் வட்டில் இருக்கும் கோப்பே மாறிவிடும், இரண்டையும் ஒருசேரப் பார்க்க முடியாது. மாறிய கோப்புகளின் நேரக்குறி புதிதாகும், மேக் போன்ற கருவிகள் அவற்றை மறுபடி கம்பைல் செய்யும். கிட்டைச் செய்தவர்களுக்கு இது தெரிந்ததால்தான் 2015இல் வந்த 2.5 பதிப்பில் 'வொர்க்ட்ரீ' சேர்த்தார்கள். ஒரே களஞ்சியம், பல ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் ஒரு பிரான்ச். மரங்களைப் பக்கம்பக்கமாக வைப்பது நியாயமான தேவை என்று கிட்டே ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கால் வைக்கும் கடைசி அடிதான் எடிட்டரின் பொறுப்பு, அங்கேதான் பெரும்பாலான எடிட்டர்கள் கைவிடுகின்றன. ஒரு பிரான்ச்சின் மாற்றத்தை இன்னொன்றில் ஒட்டும் செர்ரி-பிக்கைச் செய்தால் திருத்தம் தானே போய்ச் சேருமே என்பதும் பாதி உண்மைதான். சுற்றியுள்ள வரிகள் ஒத்துப்போகும்வரை போய்ச் சேரும். மோதல் வந்தால் மனிதன் இரண்டு கோப்பையும் திறந்துதான் ஆக வேண்டும். பிஎஸ்டி பங்காளிகளுக்கு அதுவும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டி கிட்டில் இருக்கிறது, ஓப்பன்பிஎஸ்டி சிவிஎஸ் என்ற வேறொரு கருவியில். செர்ரி-பிக் செய்யப் பொது வரலாறே கிடையாது.

எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்தில் கொட்டிவிட்டால் சிக்கல் தீரும் என்று நம்புகிறவர்கள் லினக்ஸ் கெர்னலைப் பார்க்க வேண்டும். அது ஒரே களஞ்சியம்தான். 'ஆர்ச்' ஃபோல்டருக்குள் எக்ஸ்86, ஆர்ம்64, ரிஸ்க்-வி என்று ஒவ்வொரு சிப் வகைக்கும் ஒரு வீடு, பெரும்பாலான வீடுகளில் 'கெர்னல்' அறையில் ஒரு செட்டப்.சி. கூரை ஒன்றானாலும் பங்காளிகள் பங்காளிகளாகவே இருக்கிறார்கள்.

இப்போது புதிதாக ஒரு வாதம் வந்திருக்கிறது: செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் காலத்தில் கோப்புக்குக் கோப்பு தாவுவதைப் பற்றிப் பேசுவது பழங்கதை என்று. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்கும் இடத்தில் அந்த உதவியாளும் தவறான பங்காளியைத் திருத்திவிட்டு முடித்துவிட்டேன் என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அது எழுதியதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யும் மனிதனுக்கு முன்பைவிட அதிகமாக இரண்டு கோப்புகளையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. எழுதும் வேலை குறைந்தால் சரிபார்க்கும் வேலை கூடுகிறது. சரிபார்ப்பது என்றால் இங்கும் அங்கும் போய் வருவதுதானே?

நாற்பது கோப்பு உள்ள ஒற்றைப் புராஜெக்ட்டில் வேலை செய்கிறவருக்கு இந்த விதி எதுவும் வேண்டாம், கன்ட்ரோல் பி போதும். பெயர் தெரிந்து இடம் தெரியாத கோப்புக்கு அதைவிட நல்ல வழியும் இல்லை, நானும் நாள் முழுக்க அதைப் பயன்படுத்துகிறேன். இணைக் கோப்புக்குத் தாவும் கருவிகளிலும் குறை உண்டு. பெரும்பாலானவை கோப்பின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. நான் நின்ற ஃபங்ஷனுக்கே அங்கும் கொண்டுபோய் நிறுத்தினால்தான் வேலை முழுமையாகும். அந்தக் குறையைச் சொல்லிச் சண்டை போடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். வசதியே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

தம்பிக்கு அன்று இவ்வளவும் சொல்லவில்லை. அவன் கணினியில் இரண்டு பதிப்பையும் திறந்து, விதியை எழுதி, விசை அழுத்திக் காட்டினேன். இரண்டு கோப்பும் பக்கம்பக்கமாக நின்றன. வலப்பக்கம் இருந்த பழைய பதிப்பில், போன வாரம் அவனே திருத்திய ஒரு வரி திருத்தப்படாமல் இருந்தது. அவன்தான் முதலில் பார்த்தான்.

இரண்டு மரங்களை வைத்து வேலை செய்பவர் நீங்கள் என்றால், இன்று மாலை கிளம்பும் முன் அந்த ஒரு வரி விதியை எழுதிவிடுங்கள். எழுதியதை உங்கள் கணினியோடு வைத்துக்கொள்ளாமல் குழுவின் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். நாளை உங்கள் பக்கத்து இருக்கைக்கு வரப்போகிறவருக்கும் அது வேண்டும்.